தலைக்குப் பின்னால் ஒரு குஷன்: வசதியா, வம்பா?

இரவுச் சந்தையில் கார்ப் பொருள்கள் விற்கும் கடைகளில் இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எலும்புத் துண்டு போன்ற வடிவில் ஒரு சிறிய குஷன். அதன் பின்பக்கம் இழுபடும் பட்டை ஒன்று இருக்கும். கார் இருக்கையின் மேல் பகுதியில், நாம் ஹெட்ரெஸ்ட் என்று சொல்லும் தலைதாங்கியில் மாட்டிவிட்டால் கழுத்துக்கு இதமாக இருக்கும் என்பார் கடைக்காரர். விலையும் அதிகமில்லை. அப்பாவும் வாங்கி மாட்டிவிடுவார்.

நெகிரி செம்பிலானில் தோட்டப் பகுதிகளில் வாழும் குடும்பங்களுக்கு இது தேவையற்ற ஆடம்பரம் அல்ல. செம்மண் சாலையில் குலுங்கிக் குலுங்கி வெளியே வந்து, பகாவிலிருந்தோ ரொம்பினிலிருந்தோ கோலப்பிலா வழியாகச் சிரம்பானுக்கு வேலைக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். கழுத்து வலி பற்றி அவர்களே சொல்வார்கள். ஆனால் அந்தக் குஷனை மாட்டுவதற்கு முன் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தலைதாங்கி எதற்காக அங்கே இருக்கிறது?

சாய்ந்து தூங்குவதற்கு என்று நீங்கள் நினைத்தால், விடை பாதிதான் சரி. தலைதாங்கி முதலில் ஒரு பாதுகாப்புச் சாதனம். அமெரிக்காவில் 1969 ஜனவரி 1 முதல் புதிய கார்களின் முன் இருக்கைகளில் தலைதாங்கி இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். பயணிகள் சுகமாக உறங்க வேண்டும் என்பது அதன் நோக்கமல்ல. பின்னாலிருந்து வேறொரு வாகனம் மோதும்போது கழுத்தைக் காப்பாற்றுவதற்காகவே அந்த விதி வந்தது.

தலை ஏன் தொங்குகிறது?

முதலில் வசதியைப் பார்ப்போம். வளர்ந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோகிராம் வரை இருக்கும். அரிசிக் கடையில் வாங்கும் 5 கிலோ பையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாரம் முதுகெலும்பின் உச்சியிலுள்ள ஒரு சிறிய மூட்டின் மீது அமர்ந்திருக்கிறது.

தலையின் ஈர்ப்பு மையம் அந்த மூட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறது. அதனால் தலை எப்போதும் முன்பக்கம் கவிழவே பார்க்கும். கழுத்தின் பின்புறத் தசைகள் அதைப் பின்னுக்கு இழுத்து நிறுத்துகின்றன. அறிவியல் பாடத்தில் நீங்கள் படித்த முதல் வகை நெம்புகோல் இதுதான். சுழல்புள்ளி நடுவில், பாரம் முன்னால், திறன் பின்னால்.

தூக்கம் வந்ததும் தசைகள் தளர்கின்றன. தலை முன்னால் விழுகிறது. திடுக்கிட்டு விழிக்கிறீர்கள். புக்கிட் புத்துஸ் மலைச் சாலையின் வளைவுகளில் என்றால் தலை பக்கவாட்டிலும் ஆடும்.

இப்போது யோசியுங்கள். தலை முன்னால் விழுவதுதான் சிக்கல் என்றால், தலைக்குப் பின்னால் தடித்த குஷன் ஒன்றை வைப்பது எப்படி உதவும்? நேராக நிமிர்ந்த இருக்கையில் அது தலையை இன்னும் முன்னுக்குத் தள்ளும். ஈர்ப்பு மையம் மேலும் முன்னால் போகும். பின்புறத் தசைகள் இன்னும் அதிகமாக இழுக்க வேண்டிவரும். மாட்டிய முதல் ஐந்து நிமிடம் மெத்தென்று இருக்கும் குஷன், ஒரு மணி நேரத்தில் வலி தருவதற்குக் காரணம் இதுவே.

கழுத்தின் பின்புறம் இயல்பாகவே உட்பக்கம் வளைந்த ஒரு குழிவு உண்டு. அந்தக் குழிவை மட்டும் நிரப்பும் மெல்லிய குஷன் உதவும். தலை தாங்கப்படும் பரப்பு அதிகமாகும். அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்துக் கிடைப்பது அல்லவா? பரப்பு கூடினால் அழுத்தம் குறையும். இருபக்கமும் சிறகு போல மடிந்திருக்கும் குஷன் என்றால், வளைவுகளில் தலை பக்கவாட்டில் சாய்வதையும் ஓரளவு தடுக்கும்.

மரத்துப் பாலிலிருந்து மெத்தை

குஷனின் உள்ளே என்ன இருக்கிறது? இதில் நம் தோட்டங்களுக்கும் பங்கு உண்டு.

விடியற்காலையில் வெட்டிய ரப்பர் மரத்துப் பாலை அப்படியே விட்டால் உறைந்துவிடும். உறையாமல் இருக்க அதில் அம்மோனியா சேர்ப்பார்கள். பிறகு வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் இட்டு நீரைப் பிரித்து, ரப்பரின் அளவை ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்கு உயர்த்துவார்கள். 1929இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில், டன்லப் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் இ. ஏ. மர்ஃபியும் அவருடைய குழுவினரும் இந்தப் பாலை முட்டை அடிப்பது போல நுரைக்க அடித்தார்கள். அந்த நுரையை உறைய வைத்து, கந்தகத்தின் துணையோடு சூடாக்கிக் கெட்டிப்படுத்தியதும் காற்றறைகள் நிறைந்த மெத்தை கிடைத்தது. அதுதான் நுரை ரப்பர். அதே டன்லப் நிறுவனத்துக்கு ஒரு காலத்தில் பகாவ் பகுதியிலும் ரப்பர்த் தோட்டம் இருந்தது. இன்று பல தோட்டங்களில் ரப்பரை அகற்றிச் செம்பனை நட்டுவிட்டார்கள். ஆனாலும் உங்கள் தாத்தா பாட்டி தலைமுறை வெட்டிய பால், உலகெங்கும் எத்தனையோ மெத்தைகளுக்கும் இருக்கைகளுக்கும் மூலப்பொருளானது.

இப்போது கடைகளில் கிடைக்கும் குஷன்களில் பெரும்பாலானவை இன்னொரு வகை. 'மெமரி ஃபோம்' என்று எழுதியிருக்கும். இது பாலியுரித்தேன் என்ற செயற்கைப் பொருளின் நுரை. 1966இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காகச் சார்ல்ஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். நோக்கம் என்ன தெரியுமா? விமான இருக்கைகளை மேலும் பாதுகாப்பானவையாகவும் வசதியானவையாகவும் ஆக்குவதுதான்.

இரண்டையும் விரலால் அழுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரியும். நுரை ரப்பர் அழுத்தம் நீங்கியதும் சட்டென்று எழும்பிவிடும். மெமரி ஃபோம் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வரும். வெயிலில் நிறுத்திய காரில் அது குழைந்து கிடக்கும். குளிர்சாதனக் காற்று பட்டால் சற்று விறைக்கும். மெதுவாக அழுத்தினால் வழிவிடும், வேகமாகக் குத்தினால் எதிர்த்து நிற்கும். ஆகவே கடையில் விரலால் அமுக்கிப் பார்த்து "மெத்தென்று இருக்கிறது" என்று முடிவு செய்வது போதாது.

மோதும்போது என்ன நடக்கிறது?

சிரம்பானுக்கும் நீலாய்க்கும் இடையே நெடுஞ்சாலையில் நெரிசல். உங்கள் கார் நின்றுகொண்டிருக்கிறது. பின்னால் வரும் கார் சரியான நேரத்தில் நிற்காமல் மோதிவிடுகிறது. உங்கள் தலை எந்தப் பக்கம் போகும்?

"பின்பக்கம்" என்றுதான் பலரும் சொல்வார்கள். காருக்குள் இருப்பவருக்கு அப்படித்தான் தோன்றும். சாலையோரம் நிற்பவர் பார்ப்பது வேறு. இருக்கை உங்கள் முதுகை முன்னால் தள்ளுகிறது. உடல் முன்னால் போகிறது. தலையைத் தள்ள எதுவும் இல்லாததால் அது இருந்த இடத்திலேயே நிற்கிறது. நிலைமம், அதாவது பள்ளியில் நீங்கள் 'இனெர்சியா' என்று படிப்பது இதுதான். கீழே உடல் நகர, மேலே தலை நிற்க, இடையில் இருக்கும் கழுத்து வளைந்து இழுபடுகிறது. 'விப்லேஷ்' எனப்படும் கழுத்துக் காயம் இப்படித்தான் உண்டாகிறது. மெதுவான மோதலில்கூட இது நேரலாம். வலி வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

தலைதாங்கியின் வேலை, முதுகோடு சேர்த்துத் தலையையும் கூடிய விரைவில் முன்னால் கொண்டுபோவது. எவ்வளவு விரைவில் என்பதைத் தலைக்கும் தலைதாங்கிக்கும் இடையே உள்ள இடைவெளி தீர்மானிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மோதலால் நின்ற கார் 0.1 வினாடியில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தை அடைகிறது என்று வைத்துக்கொள்வோம். அது வினாடிக்கு ஏறத்தாழ 2.8 மீட்டர். முடுக்கம் 28 மீட்டர்/வினாடி². எளிமைக்காகத் தலை அசையாமல் இருக்கிறது என்றும், தலைதாங்கி சீரான முடுக்கத்தில் அதை நோக்கி வருகிறது என்றும் கொள்வோம். v² = 2as என்ற சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள்.

இடைவெளி 5 சென்டிமீட்டர் என்றால், தலைதாங்கி தலையைத் தொடும் வேகம் வினாடிக்குச் சுமார் 1.7 மீட்டர்.

இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால், வேகம் வினாடிக்குச் சுமார் 2.4 மீட்டர்.

வேகம் 1.4 மடங்குதான் கூடியது. ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடியைச் சார்ந்தது. 4.5 கிலோ தலைக்குக் கணக்கிட்டால் 6.3 ஜூலிலிருந்து 12.6 ஜூலாக, அதாவது இரண்டு மடங்காக ஆகிவிடுகிறது. தலைதாங்கி வந்து சேரும்வரை கழுத்து வளையும் நேரமும் கூடுகிறது. ஐந்து சென்டிமீட்டர் என்பது உங்கள் மூன்று விரல்களின் அகலம்தான்!

இப்போது குஷனை நினைத்துப் பாருங்கள். தடித்த குஷன் கழுத்துக்குப் பின்னால் இருக்கிறது. அது கழுத்தையும் தோளையும் முன்னால் தள்ளுகிறது. தலையோ குஷனுக்கு மேலே, தலைதாங்கியிலிருந்து விலகி நிற்கிறது. இடைவெளி கூடிவிட்டது. மோதல் நேர்ந்தால் குஷன் கழுத்தைத் தள்ளும், ஆனால் தலைக்குப் பின்னால் வெற்றிடம்தான் இருக்கும். வசதிக்காக வாங்கிய பொருள், பாதுகாப்புக்காக இருந்த பொருளின் வேலையைக் கெடுத்துவிடுகிறது.

அளந்து பாருங்கள்

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு நிறுவனம் தலைதாங்கிகளை மதிப்பிட இரண்டு அளவுகளைப் பயன்படுத்தியது. தலைதாங்கியின் உச்சி, தலையின் உச்சியைவிட 6 சென்டிமீட்டருக்கு மேல் தாழ்ந்திருக்கக் கூடாது. தலையின் பின்புறத்துக்கும் தலைதாங்கிக்கும் இடையே 7 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. இரண்டும் பொருந்தினால்தான் 'நல்லது' என்ற மதிப்பீடு.

இதை நீங்களே சோதிக்கலாம். பெரியவர் ஒருவரின் அனுமதியோடு, நிறுத்தி வைத்து இயந்திரத்தை அணைத்த காரில் செய்யுங்கள். ஒருவர் வழக்கம்போல இருக்கையில் அமரட்டும். நீங்கள் அளவுகோலால் மேற்சொன்ன இரண்டு அளவுகளையும் எடுங்கள். பிறகு குஷனை மாட்டி மீண்டும் அளங்கள். ஒவ்வோர் அளவையும் மூன்று முறை எடுத்துச் சராசரி காணுங்கள். இங்கே தற்சார்பு மாறி குஷனின் தடிப்பு, சார்பு மாறி இடைவெளி. ஆள், இருக்கையின் சாய்வு, தலைதாங்கியின் உயரம் ஆகியவை மாறாமல் இருக்க வேண்டும்.

அளந்தபின் வீட்டில் இவற்றைச் சொல்லுங்கள்:

குஷன் வாங்குவதற்கு முன் தலைதாங்கியைச் சரியான உயரத்துக்கு ஏற்றிப் பாருங்கள். பல கார்களில் அது அடிமட்டத்திலேயே இருக்கும். பொத்தானை அழுத்தி மேலே இழுப்பதற்குக் காசு வேண்டாம். இருக்கையின் முதுகுச் சாய்வைக் கொஞ்சம் நிமிர்த்தினாலும் இடைவெளி குறையும்.

குஷன் வேண்டும் என்றால், கழுத்துக் குழிவை மட்டும் நிரப்பும் மெல்லியதாகத் தேர்ந்தெடுங்கள். மாட்டிய பிறகும் தலையின் பின்புறம் தலைதாங்கியைத் தொட முடியவேண்டும்.

பட்டை இறுக்கமாக இருக்கட்டும். வழுக்கி முதுகுக்கு இறங்கும் குஷன் தலையை இன்னும் விலக்கும். இருக்கையின் பக்கவாட்டில் காற்றுப்பை உள்ள கார்களில் பட்டையோ உறையோ அந்த இடத்தை மறைக்கக் கூடாது.

குஷனுக்கு இடம் வேண்டும் என்று தலைதாங்கியைக் கழற்றவே கூடாது.

தூங்கிப் பயணம் செய்யும் பயணிக்கு, தாடைக்குக் கீழே முன்பக்கமாக அணியும் கழுத்துத் தலையணை பயன் தரும். தலை விழுவது முன்பக்கம்தானே? ஓட்டுநருக்கு இது வேண்டாம். அவருக்குத் தூக்கம் வந்தால் காரை ஓய்விடத்தில் நிறுத்துவதுதான் மருந்து.

இவை எல்லாமே இருக்கை வார் அணிந்த பிறகுதான். நம் நாட்டில் பின்னிருக்கைப் பயணிகளுக்கும் 2009 ஜனவரி 1 முதல் அது கட்டாயம். உடல் இருக்கையோடு ஒட்டியிருந்தால்தான் தலைதாங்கி தன் வேலையைச் செய்ய முடியும்.

இந்த வார இறுதியில் ஓர் அளவுகோலை எடுத்துக்கொண்டு வீட்டுக் காருக்குப் போங்கள். குஷனோடு 7 சென்டிமீட்டரைத் தாண்டினால், அந்தக் குஷனை வீட்டு நாற்காலிக்குக் கொடுத்துவிடுங்கள்.