சேத்துல இறங்கலாம் வாங்க... ஆனா, அது யார் வீட்டுச் சேறு?

‘‘சேத்துல இறங்காதடா... சட்டை பாழாப் போகும்!’’

டெல்டாவில் பிறந்த எல்லாப் பசங்களும் இந்த டயலாக்கைக் கேட்டுத்தான் வளர்ந்திருப்போம். ஆனா, அதே சேத்துல இறங்குறதுக்குன்னே பத்துப் பதினஞ்சு லட்ச ரூபாய் வண்டியை எடுத்துக்கிட்டு, ஞாயிற்றுக்கிழமை தூக்கத்தையும் தியாகம் பண்ணிட்டு, நூத்துக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டிக்கிட்டு வர்ற ஒரு கூட்டம் இருக்கு. அவங்க பேரு ‘ஆஃப் ரோடு கிளப்’. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்குற ‘ஃபோர் பை ஃபோர்’ வண்டி வெச்சிருக்கிற ஆசாமிகள்!

கோயம்புத்தூர், கூர்க், கேரளான்னு மலைப்பக்கம் மட்டுமே சுத்திக்கிட்டிருந்த இந்த ஜுரம், இப்போ தஞ்சாவூர், திருவாரூர் பசங்க செல்போன் வரைக்கும் வந்தாச்சு. ‘மலை இல்லாட்டி என்ன மாப்ள... சேறு நம்ம ஊர்ல இல்லாததா?’ங்கிறதுதான் லாஜிக். வாங்க, அந்த லாஜிக் சரியான்னு பார்த்துடுவோம்.

ஒரு நாள் கூத்து... நடப்பது என்ன?

சினிமாவில் காட்டுற மாதிரி எடுத்ததுமே சீறிப் பாய்றதெல்லாம் கிடையாது. ஒழுங்கான கிளப்பில் காலையில முதல் வேலை, செக்கிங். முன்னாலயும் பின்னாலயும் கட்டி இழுக்க உறுதியான கொக்கி இருக்கா, சீட் பெல்ட் வேலை செய்யுதா, தீயணைப்பான் இருக்கான்னு பார்ப்பாங்க. அடுத்தது, காத்தை இறக்கணும். ரோட்டுல 30 பி.எஸ்.ஐ. இருக்கிற டயரை, சேத்துக்கு 18 வரைக்கும்கூட இறக்குறது உண்டு. டயர் தரையில அகலமா உட்காரும், சீக்கிரம் புதையாது.

அப்புறம், டிரைவர் வண்டியை விட்டு இறங்கி, பேன்ட்டை மடிச்சுக் கட்டிக்கிட்டு, கையில ஒரு குச்சியோட அந்தச் சேத்துப் பாதையை நடந்தே பார்ப்பார். எங்கே பள்ளம், எங்கே கல்லு, தண்ணி எவ்வளவு ஆழம்னு தெரியாம சக்கரத்தை வைக்கிறவர் வீரர் இல்லை, விவரமில்லாதவர்! வண்டிக்கு முன்னால நின்னு ‘லெஃப்ட்ல ஒடி... நிறுத்து... மெதுவா வா’ன்னு கையாலயே வழி சொல்ற ஒருத்தர் இருப்பார். அவருக்கு ‘ஸ்பாட்டர்’னு பேரு. அவர் பேச்சுதான் அங்கே வேதம்.

அப்படியும் மாட்டும். மாட்டியே தீரும். மாட்டின வண்டியை எப்படி மீட்கிறதுங்கிறதுதான் அன்னிக்குப் பாதிப் பாடம். இன்னொரு வண்டியில கயிறு கட்டி இழுக்கிறது, மண்வெட்டியால சக்கரத்துக்கு வழி வெட்டுறது, ‘வின்ச்’ மெஷினை மரத்துல மாட்டி இழுக்கிறதுன்னு சாயங்காலம் வரைக்கும் வேலை இருக்கும். மரத்துல நேரா கம்பியைச் சுத்தக்கூடாது, அகலமான பட்டையைப் போட்டுத்தான் கட்டணும்னு அதுக்கும் ஒரு ரூல்!

ஜீப்பு வந்த கதை

இந்த விளையாட்டுக்கு அப்பன், இரண்டாம் உலகப் போர். அமெரிக்க ராணுவத்துக்காக 1941-ல் வந்த ‘வில்லீஸ்’ ஜீப், சேறு, மணல், பனின்னு எதையும் விட்டு வைக்கலை. போர் முடியறதுக்குள்ள வில்லீஸும் ஃபோர்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல தயாரிச்சுத் தள்ளிட்டாங்க. 1947-ல் அதே ஜீப்பை இந்தியாவில் அசெம்பிள் பண்ண ஆரம்பிச்சது மஹிந்திரா. 1985-ல் மாருதி ஜிப்ஸி வந்தது. வெயிட் கம்மி, ஓட்ட ஈஸி. உற்பத்தி நின்ன பிறகும் பழைய ஜிப்ஸியைத் தேடி அலையுற பசங்க இருக்காங்க. 2010-ல் ‘தார்’ வந்தது. 2020-ல் அது புது அவதாரம் எடுத்ததும், காலேஜ் ஹாஸ்டல் சுவத்துல நடிகைகளுக்குப் பக்கத்திலேயே அதுக்கும் ஒரு இடம் கிடைச்சிடுச்சு!

தன் வண்டி வாங்கினவங்களைக் காடு மேடு கூட்டிட்டுப் போற ‘கிரேட் எஸ்கேப்’ நிகழ்ச்சியை மஹிந்திரா தொடங்கினது 1996-ல். ஆனா, பெரிய பரீட்சைன்னா அது மலேசியாவோட ‘ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச்’தான். 1997-ல் ஆரம்பிச்சது. நல்ல அடைமழைக் காலமாப் பார்த்து, காட்டுக்குள்ளே நடத்துவாங்க. அதோட இந்தியப் பதிப்பு 2014-ல் கோவாவில் தொடங்குச்சு. அதுவும் கொட்டுற மழையிலதான்! யார் ஸ்பீடுன்னு மட்டும் அங்கே பார்க்கிறதில்லை. டிரைவரும் கோ-டிரைவரும் சேர்ந்து, வண்டியை உடைக்காம, கட்டின டேப்பைத் தொடாம வெளியே வரணும்.

நம்ம கூத்தாநல்லூருக்கும் மலேசியாவுக்கும் உள்ள சொந்தத்தைச் சொல்லவே வேணாம். ‘சின்ன சிங்கப்பூர்’னே பேர் எடுத்த ஊராச்சே! மலேசியா, சிங்கப்பூர், வளைகுடான்னு கடல் தாண்டிப் போன சபுராளிகள் இல்லாத தெரு இங்கே கம்மி. துபாய் பாலைவனத்துல மணல்மேட்டுல ஏறி இறங்குற வண்டிச் சவாரியை, டிவியில பார்க்கிறதுக்கு முன்னாடியே அண்ணன், மச்சான் வாயால கேட்ட பசங்க இவங்க. ஊருக்கு வந்ததும் ‘இங்கே எங்கேடா ஓட்டுறது?’ன்னு ஆசை வர்றது சகஜம்தான்.

டிராக்டர் அண்ணன்தான் புரொஃபசர்!

இதுல ஒரு காமெடி என்னன்னா, லட்ச லட்சமா செலவு பண்ணி கிளப்புக்காரங்க கத்துக்கிற பாதி விஷயம், நம்ம ஊர் டிராக்டர் டிரைவருக்கு அத்துப்படி.

சாதாரண வண்டி ஏன் சேத்துல மாட்டுது? ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல ‘டிஃபரன்ஷியல்’னு ஒரு அமைப்பு இருக்கு. வளைவுல திரும்பும்போது ஒரு சக்கரம் வேகமாவும் இன்னொண்ணு மெதுவாவும் சுத்த அது வேணும். ஆனா, ஒரு சக்கரம் சேத்துல வழுக்கிட்டா, அது மட்டும் சும்மா சுத்தும். கெட்டித் தரையில நிக்கிற சக்கரம் ‘எனக்கென்ன’ன்னு தூங்கும். ரெண்டையும் பூட்டி ஒண்ணாச் சுத்த வைக்கிறதுதான் ‘டிஃப் லாக்’. ஜீப் விளம்பரத்துல இதைப் பெருமையாப் போடுவாங்க. டிராக்டர்ல அது டிரைவர் கால் பக்கத்துல ஒரு சின்ன பெடலா எத்தனையோ வருஷமா உட்கார்ந்திருக்கு!

அதே மாதிரி கேஜ் வீல். சேற்றுழவுக்கு டிராக்டர்ல மாட்டுற அந்த இரும்புக் கூண்டுச் சக்கரம், பாரத்தை அகலமாப் பரப்பி, புதையாம நடக்க வைக்குது. கிளப்புக்காரங்க காத்தை இறக்குறதும் இதே கணக்குதான். ‘மாட்டிக்கிட்டா ஆக்சிலரேட்டரை மிதிக்காதே, மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும்’ங்கிற பாடத்தை, மாட்டுவண்டிக் காலத்துப் பெரியவருக்குக்கூடச் சொல்லித் தரவேண்டியதில்லை.

யார் வீட்டுச் சேறு?

இப்போ முக்கியமான கேள்விக்கு வருவோம். மலைக்காட்டுல இருக்கிற சேறு வேற, டெல்டா சேறு வேற. இங்கே சேறுன்னா, அது பெரும்பாலும் ஒருத்தரோட வயல்.

சேற்றுழவு ஓட்டி, பரம்படிச்சு சமப்படுத்தின வயல்ல மேலே குழைஞ்ச சேறு, அடியில இறுகிப்போன ஒரு தட்டு. தண்ணி பூமிக்குள்ள ஓடிடாம நிக்க வைக்கிறதே அந்த அடித்தட்டுதான். ஒன்றரை டன்னுக்கு மேல வெயிட் இருக்கிற வண்டி ஒரே இடத்துல சக்கரத்தைச் சுத்தி அதை உடைச்சா, தண்ணி நிக்காத ஓட்டை விழும். நமக்கு அது அஞ்சு நிமிஷ வீடியோ. அவருக்கு அது ஒரு போகக் கவலை.

வயல் வேணாம், ஆத்தங்கரையில ஓட்டலாமா? அது இன்னும் மோசம். வெண்ணாறு, கோரையாறுன்னு ஆறும் வாய்க்காலும் பின்னிக் கிடக்கிற பூமி இது. ஈரக் கரையில விழுற சக்கரத் தடம், ஐப்பசி கார்த்திகை மழையில தண்ணி ஓடுற வழியாகும். கரை உடைஞ்சா ஊரே வயலோட முங்கும். சரி, கடற்கரைப் பக்கம்? முத்துப்பேட்டை அலையாத்திக் காடும் கோடியக்கரை சரணாலயமும் வனத்துறைக்குச் சொந்தமான பகுதிகள். கடலாமை மணல்ல முட்டை வைக்கிற மாசங்கள்ல வண்டிச் சக்கரம் ஏறினா என்ன ஆகும்னு சொல்லத் தேவையில்லை.

இதெல்லாம் சும்மா பூச்சாண்டி இல்லை. 2022 மே மாசம், கேரளாவில் வாகமண் பக்கத்துல ஒரு தேயிலைத் தோட்டத்துல ஆஃப் ரோடு நிகழ்ச்சி நடந்தது. விபத்துகளைக் காரணம் காட்டி இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஏற்கெனவே இதுக்குத் தடை போட்டிருந்தது. தோட்டத்துக்குன்னு ஒதுக்கின நிலத்துல ரேஸ் நடத்தலாமான்னும் கேள்வி கிளம்புச்சு. கலந்துக்கிட்ட ஒரு பிரபல நடிகரே மோட்டார் வாகனத் துறைக்கு அபராதம் கட்டினார். 2023 டிசம்பர்ல இமாசலப் பிரதேசத்துல சந்திரா ஆத்துக்குள்ளே ஜீப்பை இறக்கி ஓட்டினவருக்கும் போலீஸ் அபராதம் போட்டுச்சு. ரெண்டு தடவையும் மாட்டிவிட்டது வேற யாருமில்லை... வீடியோதான்!

அப்போ ஆசையை விட்டுடறதா? தேவையில்லை. பயிர் இல்லாத தரிசு, மூடிக் கிடக்கிற செங்கல் சூளைப் பள்ளம்னு தனியார் இடம் கிடைச்சா, சொந்தக்காரர்கிட்ட எழுதி அனுமதி வாங்குங்க. பஞ்சாயத்துக்கும் போலீஸுக்கும் சொல்லுங்க. பக்கத்து ஊர் டிராக்டர் அண்ணனை விட்டுத் தண்ணி பாய்ச்சி, பாதை போட்டு, மாட்டினா இழுக்கவும் அவரையே கூலி கொடுத்து நிறுத்தி வைங்க. பாதையும் ரெடி, பாதுகாப்பும் ரெடி!

தார் வாங்கக் காசு இல்லையா பாஸ்? இன்ஜினீயரிங் காலேஜ் பசங்களுக்கு ‘பாஹா’ இருக்கு. 2007-ல் மத்தியப் பிரதேசம் பீதாம்பூர்ல தொடங்கின போட்டி. எல்லா டீமுக்கும் ஒரே மாதிரி சின்ன எஞ்சின். ஒத்தை சீட் வண்டியை மாணவர்களே டிசைன் பண்ணி, வெல்டிங் வெச்சு, மேடு பள்ளத்துல நாலு மணி நேரம் ஓட வைக்கணும். அப்பா காசுல வாங்குற கெத்தைவிட, சொந்தக் கையால செஞ்ச வண்டி ஒரு பள்ளத்தைத் தாண்டுற கெத்து பெருசு!

கவனிங்க ப்ளீஸ்...

* தனி வண்டியாப் போகாதீங்க. குறைஞ்சது ரெண்டு வண்டி. ஒண்ணு மாட்டினா, இன்னொண்ணு இழுக்கணும்.

* இழுக்கிற கயிறு அறுந்தா சாட்டை மாதிரி அடிக்கும். கயிற்றுக்கு நேரா யாரும் நிக்கக்கூடாது. கம்பிவடம்னா நடுவுல கனமான சாக்கோ போர்வையோ போடுங்க.

* ஓடுற தண்ணியை நம்பாதீங்க. ஒரு அடித் தண்ணி சின்ன காரைத் தூக்கும். ரெண்டு அடித் தண்ணி பெரிய ஜீப்பையே அடிச்சுட்டுப் போகும்.

* சாதாரண வண்டி இன்ஷூரன்ஸ் பந்தயத்துக்குச் செல்லாது. பாலிசியைப் படிச்சுட்டு இறங்குங்க.

* முடிஞ்சதும் ரேடியேட்டர், பிரேக்குல இருக்கிற சேத்தைக் கழுவுங்க. டயருக்கு மறுபடி காத்தை ஏத்தாம ரோட்டுல ஏறாதீங்க.

* குடிச்சுட்டு வர்றவருக்கு அங்கே இடமே கொடுக்காதீங்க.

இவ்வளவும் வெறும் ஜாலிக்கு மட்டும்தானான்னு கேட்டா, இல்லை. 2018 ஆகஸ்ட் கேரள வெள்ளத்துல, சாதாரண வண்டி போக முடியாத இடங்களுக்கு ஜீப் கிளப் பசங்க தங்கள் வண்டிகளோட இறங்கினாங்க. அதே வருஷம் நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தப்போ, திருவாரூர், நாகப்பட்டினம், தஞ்சாவூர் கிராமங்கள்ல தென்னையும் மின்கம்பமும் ரோட்டை மறிச்சு விழுந்து கிடந்ததை நாம யாரும் மறக்கலை. அந்த மாதிரி ஒரு நாள்ல, ஒரு மரத்தை ‘வின்ச்’ போட்டு இழுத்து ஓரங்கட்டி ஆம்புலன்ஸுக்கு வழிவிடத் தெரிஞ்ச பத்துப் பேர் ஊருக்குள்ள இருந்தா எப்படி இருக்கும்?

அந்தப் பத்துப் பேரைத் தயார் பண்றதுக்குச் சேத்துல ஒரு ஞாயிற்றுக்கிழமை செலவு பண்ணலாம், தப்பே இல்லை. அதுக்கப்புறம் சட்டை பாழாப் போனா அம்மாகூடத் திட்ட மாட்டாங்க... அடுத்தவர் வயல் பாழாகாம இருந்தா!