சிமோன் பெத்லியூரா (1879–1926)

பத்திரிகையாளராக இருந்து, 1919 பிப்ரவரியில் உக்ரைன் மக்கள் குடியரசின் தலைமைக்கு வந்தவர். படை உதவிக்காக 1920 ஏப்ரலில் போலந்துடன் உடன்படிக்கை செய்து, கிழக்கு கலீசியாவை விட்டுக்கொடுத்தார். சோவியத் பிரசாரத்துக்கு அது போதாதா? போலந்து நிலப்பிரபுக்களின் கைக்கூலி என்று தூற்றியது. பிற்காலத்தில் உக்ரைன் விடுதலை பேசிய பலருக்கும் அவர் பெயரே வசைச்சொல்லானது.

ஆனால் எல்லாமே அவதூறு அல்ல. அவருடைய படையினர் யூதர்களைக் கொன்று குவித்தார்கள். 1919 பிப்ரவரியில் புரோஸ்குரிவ் நகரில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். படுகொலைகளைக் கண்டித்து ஆகஸ்டில் அவர் பிறப்பித்த ஆணையை ஆதரவாளர்கள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது வந்தபோது பல ஊர்கள் அழிந்திருந்தன.

1926 மே 25: பாரிஸில் ஷோலோம் ஷ்வார்ட்ஸ்பார்டு என்ற யூதர் அவரைச் சுட்டுக் கொன்றார். படுகொலைகளுக்குப் பழி என்றார். மறு ஆண்டு ஜூரி அவரை விடுவித்தது.