பத்தமடைப் பாய்: ஒரு பண்பாட்டு நோக்கு

கைவினைப் பொருள்களை அழகு நோக்கி மட்டும் பாராட்டி அமையும் வழக்கம் நம்மிடையே மிகுதி. ஒரு பொருள் யாவர் கையால், யாவர் பொருட்டு ஆக்கப்பெறுகின்றது என்பதை ஆராயுங்கால்தான் அதன் பண்பாட்டுப் பொருள் புலனாகும். பாளையங்கோட்டைக்கு மேற்கே, சேரன்மாதேவியை அடுத்துள்ள பத்தமடையில் நெய்யப்பெறும் கோரைப் பாயினை இந்நோக்கில் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் சொல்லை நோக்குவோம். பாய்தல் என்பதற்குப் பரவுதல் என்னும் பொருளும் உண்டு. படுக்கையைக் குறிக்கும் 'பாயல்', தறியில் நீளவாட்டில் விரிக்கும் நூலைக் குறிக்கும் 'பாவு' ஆகியவற்றையும் 'பாய்' என்பதனோடு இனச்சொற்களாகக் கொள்ளல் தகும். கோரையைச் 'சாய்' எனவும் பண்டையோர் வழங்கினர். அதனால் செய்த பாவையைப் பற்றிய குறிப்பு ஐங்குறுநூற்றில் உண்டு. எனவே கோரையைக் கைவினைக்குப் பயன்கொள்ளும் அறிவு தமிழர்க்குப் பழமையானது என்பது பெறப்படும்.

இனி, தொழில்முறையைக் காண்போம். தாமிரபரணிக் கரையிலும் கால்வாய் ஓரங்களிலும் வளரும் கோரையைப் பசுமையாக அறுத்து, கீறி, உலர்த்துவர். நேர்த்தியான பாய்க்குரிய கோரையை நீரிலே பல நாள் ஊறவைப்பர். தண்டு ஊறிப் பருத்தபின் மீண்டும் உலர்த்தி மிக மெல்லிய இழைகளாகக் கிழிப்பர். செந்நிறத்தைச் சப்பங்கி மரத்தின் வயிரத்திலிருந்து பெறுதல் பழைய வழக்கம். தரையோடு தரையாக விரித்த பருத்தி அல்லது பட்டுப் பாவினூடே கோரையிழையைக் குச்சியால் செலுத்தி, துளைகளையுடைய அச்சுக்கட்டையால் நெருக்குவர். பாயின் மென்மை பெரிதும் தறியினால் அன்று, ஊறலாலும் கிழித்தலாலும் அமைவது என்க. இவ்விரண்டும் ஏட்டில் எழுதி வையாத கையறிவு. மிக நேர்த்தியான பாயைத் துணிபோல் மடிக்கலாம்.

இத்தொழிலை வழிவழியாகச் செய்துவருவோர் அவ்வூர் லெப்பை இசுலாமிய மக்கள். அவருள்ளும் பெண்டிர் பங்கு பெரிது. அவர்கள் நெய்யும் பாய்களுள் சிறந்தது மணப்பாய். மணமக்கள் பெயரும் மணநாளும் அதில் நெய்யப்பெறும். அது நெல்லை நாட்டு இந்துக்களின் மணமனைகளுக்கும் செல்கின்றது. ஒரு சமயத்தார் கை, மற்றொரு சமயத்தார் இல்வாழ்க்கையின் முதல் நாளைப் பெயர் பொறித்து வாழ்த்துகின்றது. இதுவே பத்தமடைப் பாயின் பண்பாட்டுப் பொருள் என்பது எம் கருத்து.

பிறநாட்டு வழக்கொன்றை ஒப்புநோக்கின் இது மேலும் தெளிவாகும். மொராக்கோ நாட்டு அட்லசு மலைப் பகுதியில் பெர்பர் இனப் பெண்டிர் ஆட்டுமயிரால் கம்பளம் நெய்கின்றனர். அதிற் காணும் சாய்சதுர வடிவங்களுக்குக் கண்ணேறு கழித்தல், மகப்பேறு முதலிய பொருள்களைக் கூறுவர். அங்கு நெய்பவள் பெரும்பாலும் தன் மனைக்காக நெய்தாள். அடையாளமும் அவள் குடியினதே. பத்தமடையிலோ நெய்பவள் பிறர் மனைக்காக நெய்கின்றாள். பாயில் நிற்பது பிறர் பெயரே. முன்னது குடியின் நினைவைக் காப்பது. பின்னது குடிகளுக்கிடையே உறவைக் காப்பது.

1953-இல் இரண்டாம் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவிற்கு இங்கிருந்து பாய் சென்றதெனக் கூறுவர். 2012–13-இல் இப்பாய் புவிசார் குறியீடும் பெற்றது. இவை பெருமைக்குரியனவே. ஆயினும் குறியீடு பெயரைக் காக்குமேயன்றி, கோரை கிழிக்கும் விரலைக் காவாது. விசைத்தறிப் பாயும் பிளாசுடிக்குப் பாயும் விலையால் மலிந்துவிட்டன. பல நாள் உழைப்பை வேண்டும் நேர்த்திப் பாய்க்கு அதற்கேற்ற கூலி கிடைத்தல் அரிது. கூலி குறையின் இளையோர் தறியை நாடார். அவர் நாடாவிடின் மேலே கூறிய கையறிவும், அதனைச் சுட்டும் தொழிற்சொற்களும் ஒருங்கே மறையும்.

ஆதலின், தமிழாய்வு செய்வோர்க்கு இங்கு ஒரு கடமை உண்டு. ஊறல், கிழிப்பு, அச்சு, பாவு என வழங்கும் ஒவ்வொரு தொழிற்சொல்லையும் நெய்வோர் வாய்மொழியாகவே கேட்டுத் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பில் சொல்லோடு, அதனைச் சொன்ன பெண்டிரின் தொழில்முறையும் இடம்பெறின், அகராதிக்கு மட்டுமன்றித் தமிழ்ப் பண்பாட்டு வரலாற்றிற்கும் அது பயன்படும்.