வெளிநாட்டுப் பயணம்... வீட்டு நாயை யாரிடம் விடுவது?

பரங்கிப்பேட்டைக்குக் கடல் கடந்து போவது புதிதல்ல. மரக்காயர் வணிகர்கள் பாய்மரக் கப்பலில் போன காலம் தொட்டு, இன்றைய வளைகுடா, சிங்கப்பூர், மலேசியா வேலை வரைக்கும் இந்த ஊரில் பெட்டி கட்டாத தெருவே கிடையாது. நிலத்தைக் குத்தகைக்கு விடுகிறார்கள், மாட்டை விற்றுவிடுகிறார்கள், வீட்டுச் சாவியைச் சொந்தக்காரரிடம் கொடுக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் வாசலில் படுத்திருக்கும் நாயைப் பார்க்கிறார்கள். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நாயைக் கைமாற்றுவது ஒருநாள் வேலையல்ல. விசா வேலை தொடங்கும்போதே அதையும் தொடங்க வேண்டும். மூன்று மாத அவகாசம் இருந்தால் நல்லது.

கூடவே கொண்டு போக முடியுமா?

குடும்பத்தோடு நிரந்தரமாகக் குடியேறுபவர்கள் முயன்று பார்க்கலாம். நாயின் தோலுக்கடியில் 15 இலக்க எண் கொண்ட மைக்ரோசிப், வெறிநோய்த் தடுப்பூசி, சென்னையில் உள்ள மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றளிப்பு நிலையத்தின் சான்று ஆகியவை பொதுவாகத் தேவைப்படும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கு என்றால், தடுப்பூசி போட்டு 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து எதிர்ப்புச்சக்தி அளவைப் பரிசோதிக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, குறைந்தது நான்கு மாதம். ஆஸ்திரேலியாவுக்கு இந்தியாவிலிருந்து நேரடியாக நாயைக் கொண்டு போக முடியாது. ஒப்பந்த வேலைக்குப் போய், பலரோடு ஓர் அறையில் தங்குபவர்களுக்கு இந்த வழியே இல்லை. அவர்கள் நாய்க்கு ஊரிலேயே ஓர் இடம் பார்த்தாக வேண்டும்.

கடற்கரையில் விடுவது தீர்வல்ல

'கடற்கரையில் விட்டால் மீனைத் தின்று பிழைத்துக்கொள்ளும்' என்று நினைப்பவர்கள் உண்டு. வீட்டில் வளர்ந்த நாய்க்குத் தெருநாய்க் கூட்டத்தில் இடம் கிடைக்காது. கடிபட்டுப் புண் வைத்துச் சாகும். இல்லையென்றால் அதுவும் கூட்டத்தில் சேர்ந்து ஆட்டுப்பட்டிக்குள் நுழையும். திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் தெருநாய்களிடம் ஆடுகளைப் பறிகொடுத்த விவசாயிகள் இழப்பீடு கேட்டு வீதிக்கு வந்ததை நாடறியும். கடலூர் மாவட்டக் கடற்கரையில் இன்னொரு கேடும் இருக்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும்போது, அந்தக் குழிகளை முதலில் தோண்டுவது நாய்கள்தான்.

சட்டமும் சும்மா விடாது. பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவின்படி குற்றம்.

'அம்மா பார்த்துக்குவாங்க' என்பதும் யோசித்துச் செய்ய வேண்டிய காரியம். மூட்டுவலியோடு நடக்கும் அம்மாவால் இழுத்துக்கொண்டு ஓடும் நாயைப் பிடிக்க முடியாது. அதன்பிறகு நாய் நாள் முழுக்கச் சங்கிலியில்தான் கிடக்கும்.

எந்த இடம் நல்ல இடம்?

புவனகிரி, பி.முட்லூர், கிள்ளை பக்கம் தோப்பு, பட்டி, மோட்டார் கொட்டகை வைத்திருப்பவர்களுக்குக் காவலுக்கு நாய் தேவைப்படும். நாய்க்கும் ஓட இடம், செய்ய வேலை கிடைக்கும். ஆனால், அங்கே மூன்று விஷயங்களை நேரில் பார்க்க வேண்டும். இரவில் அங்கு ஆள் தங்குகிறாரா? நெல் வயலில் எலிக்கு மருந்து வைக்கும் நாள்களில் நாயைக் கட்டி வைப்பார்களா? ஏற்கெனவே அங்கே நாய் இருந்தால், இதைச் சேர்த்துக்கொள்ளுமா?

கொடுப்பவர் உண்மையை மறைக்கக் கூடாது. கோழி துரத்தும் பழக்கம், குழந்தைகளிடம் சீறும் பழக்கம் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய், மாதம் திரும்புவதற்குள் தெருவுக்கு வந்துவிடும்.

கைமாற்றும் முறை

முதல் மாதம்: வெறிநோய்த் தடுப்பூசி போட்டு ஓராண்டு ஆகியிருந்தால் மறுபடியும் போட வேண்டும். டிஸ்டெம்பர், பார்வோ, எலிக்காய்ச்சல் தடுப்பூசிகளையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுக்கும் குடற்புழு நீக்க மருந்தையும் அட்டையில் குறித்து வாங்க வேண்டும். பெட்டை நாய் என்றால் கருத்தடை செய்துவிடுவது நல்லது. குட்டிகளுக்குப் பயந்தே பலர் பெட்டையை வாங்க மறுக்கிறார்கள்.

இரண்டாம் மாதம்: புதிய வீட்டார் இங்கே வந்து தங்கள் கையால் சோறு வைக்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு தடவை நாயை அங்கே கூட்டிப்போய், சில மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

மூன்றாம் மாதம்: பயணத்துக்கு மூன்று வாரம் முன்பே ஒப்படைத்துவிட வேண்டும். படுத்த சாக்கு, சாப்பிட்ட தட்டு, தடுப்பூசி அட்டை மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். ஒத்துவராவிட்டால் வேறு இடம் பார்க்க இந்த மூன்று வாரம் உதவும்.

புது இடத்தில் முதல் இரண்டு வாரம் வேலிக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அவிழ்த்து விட்டால் பழைய வீட்டைத் தேடிக் கிளம்பி, கடலூர்-சிதம்பரம் சாலையில் அடிபடும். உணவை ஒரே நாளில் மாற்றாமல், பழையதோடு புதியதைக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். ஆடு, கோழிகளிடம் கயிற்றில் பிடித்தபடியே பழக்க வேண்டும்.

வாசகர் கேள்விகள்

எட்டு வயது நாய் புது வீட்டில் ஒட்டுமா?
ஒட்டும்; நாள் அதிகம் பிடிக்கும். முன்பே பழகிய பக்கத்து வீட்டார், உறவினர் கிடைத்தால் அவர்களிடமே கொடுப்பது நல்லது.

கொடுத்த பிறகு சாப்பிட மறுக்கிறது. என்ன செய்வது?
ஓரிரு நாள் குறைவாகச் சாப்பிடுவது இயல்பு. ஒருநாள் முழுக்கத் தண்ணீரும் குடிக்காவிட்டால், வாந்தி, கழிச்சல் இருந்தால், உடனே அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள்.

புது நாய் கடித்துவிட்டால்?
தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும் அலட்சியம் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும்.

கிளம்பும் முன் ஒருமுறை போய்ப் பார்க்கலாமா?
முதல் இரண்டு வாரம் வேண்டாம். ஒட்டத் தொடங்கிய நாய், பழைய முகத்தைப் பார்த்ததும் மறுபடியும் வாசலில் காத்திருக்கத் தொடங்கிவிடும். மனசு கேட்காவிட்டால் அவர்களிடம் போட்டோ அனுப்பச் சொல்லிப் பாருங்கள்.