திருப்பூரும் நிலநடுக்கமும்

"நம்ம பக்கமெல்லாம் நிலநடுக்கம் வராதுங்க" என்று ஊரில் பலரும் என்னிடம் சொல்வதுண்டு. ஆனால் வந்திருக்கிறது. 1900 பிப்ரவரி 8 அன்று கோவை வட்டாரம் ஆடியது. ரிக்டர் அளவுகோலே 1935-ல்தான் வந்தது. அதனால் அதிர்வு எங்கெல்லாம் உணரப்பட்டது என்பதை வைத்துப் பின்னாளில் சுமார் 6 என்று கணித்தார்கள்.

இந்தியத் தட்டு இமயமலையை முட்டும் அழுத்தம் இதுவரைக்கும் பரவுகிறது. பாலக்காடு–காவிரி பகுதியின் பழைய பாறைப் பிளவுகளில் எப்போதாவது அது வெளிப்படலாம். 2002 வரைபடத்தில் கோவை இருப்பது மூன்றாம் மண்டலம்.

1900-ல் இங்கே பனியன் கம்பெனியே கிடையாது. இப்போது கீழே வெறும் தூண்களோடு பார்க்கிங், மேலே பவர் டேபிள் வரிசைகள். 2001 பூஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கு அப்பால் அகமதாபாத்தில் சரிந்தவற்றில் பலவும் இப்படித் தரைத்தளம் திறந்த கட்டடங்கள்தான். கட்டடம் கட்டுபவர்கள், 'ஐ.எஸ். 1893 பார்த்தீங்களா?' என்று இன்ஜினியரிடம் ஒரு வார்த்தை கேளுங்க.