ஜிம் அட்டவணையை எக்ஸெல்லில் திருத்தலாம்

ஜிம்களில் பரவலாகப் பின்பற்றப்படும் பயிற்சி அட்டவணைகளில் ஒன்று "புஷ் - புல் - லெக்ஸ்". தள்ளும் பயிற்சிகள் ஒரு நாள். இதில் மார்பு, தோள், ட்ரைசெப்ஸ் அடங்கும். இழுக்கும் பயிற்சிகள் மறுநாள், முதுகும் பைசெப்ஸும். மூன்றாம் நாள் கால்களுக்கு. இதே சுற்றை இரண்டு முறை செய்தால் ஆறு நாள் ஆகிவிடும். ஞாயிறு ஓய்வு.

நல்ல அட்டவணைதான். ஆனால் புதனும் சனியும் என்னால் ஜிம் செல்ல இயலாது. பைசெப்ஸ் பயிற்சி சற்றுக் கூடுதலாக வேண்டும் என்ற ஆசையும் உண்டு. பேப்பரில் அடித்துத் திருத்தினால் எந்தத் தசைக்கு எவ்வளவு குறைந்தது என்று தெரியாது. எனவே எக்ஸெல் தொகுப்பைத் திறந்தேன். உங்களிடம் எக்ஸெல் இல்லை எனில், இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பும் போதும். மெனுக்களின் பெயர்தான் சற்று மாறும்.

எதைக் கணக்கிட வேண்டும்? ஒரு தசைக்கு வாரத்தில் மொத்தம் எத்தனை செட் கிடைக்கிறது என்பதை. பிராட் ஷோன்ஃபெல்ட் குழுவினர் பல ஆய்வுகளைத் தொகுத்து 2017ல் வெளியிட்ட கட்டுரை, வாரத்துக்கு 10 செட்டும் அதற்கு மேலும் செய்தால் தசை வளர்ச்சி கூடுதலாக இருப்பதைக் காட்டியது. வார மொத்தம் சமமாக இருந்தால், அதை எத்தனை நாட்களில் பிரித்துச் செய்தாலும் பெரிய வேறுபாடு இல்லை என்று 2019ல் வந்த தொகுப்பு கூறியது. அதாவது நாட்களை நம் வசதிக்கு மாற்றலாம். மொத்தத்தில்தான் கவனம் வேண்டும்.

புதிய ஒர்க் புக்கில் முதல் வரிசையில் நாள், பயிற்சி, தசை, செட் என நான்கு தலைப்புகளை ஏ முதல் டி வரை டைப் செய்யுங்கள். ஒரு பயிற்சிக்கு ஒரு வரிசை. "திங்கள், பெஞ்ச் பிரஸ், மார்பு, 4" என ஆறு நாட்களுக்கும் நிரப்புங்கள். தசையின் பெயரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி டைப் செய்வது அவசியம். "முன்தொடை" ஓரிடத்தில், "முன் தொடை" வேறிடத்தில் என்றால் எக்ஸெல் இரண்டையும் வெவ்வேறாகவே கருதும்.

அடுத்து, கீழே உள்ள பிளஸ் அடையாளத்தில் கிளிக் செய்து இரண்டாவது ஷீட்டைப் பெறுங்கள். அதில் ஏ2 செல்லில் தொடங்கி, தசைகளின் பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பி2 செல்லில் கர்சரை வைத்து, பார்முலா பார் அருகே உள்ள எஃப்எக்ஸ் பட்டனை அழுத்துங்கள். பட்டியலில் சம்இஃப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். மூன்று கட்டங்கள் வரும். முதல் கட்டத்தில் கர்சரை வைத்து, முதல் ஷீட்டுக்குச் சென்று சி என்னும் தலைப்பெழுத்தில் கிளிக் செய்யுங்கள். இரண்டாவதில் ஏ2 என டைப் செய்யுங்கள். மூன்றாவதில், முதல் ஷீட்டின் டி தலைப்பெழுத்தில் கிளிக் செய்து ஓகே கொடுங்கள். பின்னர் பி2 செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்து இழுத்தால், எல்லாத் தசைகளுக்கும் மொத்தம் வந்துவிடும்.

என் பட்டியலில் மார்பு 14, தோள் 12, முதுகு 16, முன்தொடை 14, பைசெப்ஸ் 6 என வந்தது. பைலை சேவ் அஸ் மூலம் வேறு பெயரில் பதிந்து, அந்த நகலில் புதன், சனி வரிசைகளை நீக்கிப் பார்த்தேன். கால்களுக்கான எல்லா எண்ணும் பூஜ்யம்! நாட்களை மட்டும் வெட்டினால், எந்தத் தசைக்கான நாள் அது என்பது நம் கண்ணில் படாது. எண் உடனே காட்டிக் கொடுத்துவிடுகிறது.

எனவே கால் பயிற்சிகளை மற்ற நாட்களுக்குப் பிரித்தேன். திங்கள், வியாழனில் மார்பு, தோள், ட்ரைசெப்ஸுடன் ஸ்குவாட்டும் லெக் பிரஸ்ஸும். செவ்வாய், வெள்ளியில் முதுகு, பைசெப்ஸுடன் பின்தொடையும் கெண்டைக்காலும். நேரம் நீளாமல் இருக்கச் சில செட்டுகளைக் குறைத்தேன். இப்போது மார்பு, தோள், முன்தொடை தலா 10, முதுகு 12. ஆசைப்பட்ட பைசெப்ஸ் 8. ஒரு நாளைக்கு 17 செட்டுக்கு மேல் போகவில்லை. ஒரே தசைக்கு மீண்டும் பயிற்சி வருமுன் இரண்டு நாள் இடைவெளியும் உண்டு.

ட்ரைசெப்ஸுக்கு 4 செட் மட்டுமே வந்தது. ஆனால் பெஞ்ச் பிரஸ், ஷோல்டர் பிரஸ் இரண்டிலும் அது சேர்ந்தே உழைக்கிறது. ஷீட் நேரடி செட்டுகளை மட்டுமே கூட்டும். இதை நாம்தான் நினைவில் வைக்க வேண்டும்.

இன்னொரு வசதி. மார்பு, தோள், முதுகு, முன்தொடை ஆகிய நான்கின் எண்களை கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி தேர்ந்தெடுங்கள். ஹோம் டேபில் கண்டிஷனல் பார்மேட்டிங், ஹைலைட் செல்ஸ் ரூல்ஸ், லெஸ் தேன் எனச் சென்று 10 கொடுங்கள். எண் குறைந்தால் செல் சிவப்பாகிவிடும்.

புதிதாக ஜிம்மில் சேர்ந்தவர்களுக்கு 10 செட்டுக்குக் குறைவாகவே தொடக்கத்தில் போதும். மூட்டு வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள். மாற்றிய அட்டவணையை வாராவாரம் கலைக்காமல் ஓரிரு மாதம் பின்பற்றுங்கள். பழைய பைலை அழித்துவிடாதீர்கள். அடுத்த முறை திருத்தும்போது ஒப்பிட்டுப் பார்க்க அது தேவைப்படும்.