சிதைப்பதற்கென்றே போட்ட சாலை

அமெரிக்காவில் இல்லினாய் மாகாணத்தில், சிகாகோ நகருக்குத் தென்மேற்கே ஒட்டாவா என்னும் ஊரை அடுத்து, 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தொடங்கி இரண்டாண்டு காலம் மிகுந்த சிரத்தையோடு ஒரு சாலை போடப்பட்டது. அங்குலக் கணக்குப் பிசகாமல் ஜல்லி பரப்பி, ஓரிடத்தில் தாரும் ஓரிடத்தில் கான்கிரீட்டுமாக இட்டு, அடியிலுள்ள மண்ணின் ஈரத்தைக்கூட அளந்து அமைத்த அந்தச் சாலையின் பிரயோஜனம் யாரையும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதன்று. கனத்த லாரிகளை இடைவிடாது ஓட்டி அதைச் சிதைப்பதும், எந்தப் பாரத்துக்கு எப்போது எவ்விதம் சிதைகிறது என்று குறித்துவைப்பதுமே அதன் நோக்கம். மாகாண நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கத்துடைய பெயரால் 2 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் நடந்த அந்தப் பரிசோதனையை 'ஆஷோ ரோடு டெஸ்ட்' என்பார்கள்.

அதே 1956-இல்தான் தேசம் முழுவதையும் இணைக்கும் நெடுஞ்சாலைத் திட்டத்துக்கு அமெரிக்கா சட்டம் இயற்றியிருந்தது. அவ்வளவு நீளச் சாலையை என்ன கனத்தில் போடுவது, பாரவண்டிக்கு எவ்வளவு வரி விதிப்பது நியாயம் என்ற கேள்விகளுக்குப் பொறியாளர்கள் அதுவரை பெரும்பாலும் பழக்கத்தையும் அனுமானத்தையும் கொண்டே விடை சொல்லிவந்தார்கள். ஆகவே ஆறு சுற்றுப் பாதைகள் அமைத்து, அவற்றை வெவ்வேறு கனமுள்ள 836 துண்டுகளாகப் பிரித்தார்கள். வெயிலும் பனியும் மழையும் மாத்திரம் ஒரு சாலையை என்ன செய்கின்றன என்று அறிவதற்காக முதற் சுற்றில் வண்டியே ஓட்டவில்லை. இரண்டாம் சுற்றில் இலேசான வண்டிகள் ஓடின. ஆறாம் சுற்றிலோ ஒற்றை அச்சின்மீது 30,000 பவுண்டு, அதாவது 13.6 டன் பாரம். ராணுவப் போக்குவரத்துப் படையின் சிப்பாய்கள் 1958 அக்டோபர் 15 முதல் 1960 நவம்பர் 30 வரை, நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரத்துக்கு மேலாக மாறி மாறி லாரி ஓட்டினார்கள். முடிவில் 11,14,000 அச்சுகள் அந்தச் சாலையின்மேல் ஏறி இறங்கியிருந்தன. பனிக்காலத்தில் உறைந்து கெட்டியாகக் கிடந்த மண், வசந்தம் வந்து இளகி நீர் கோத்துக்கொண்டபோதுதான் தார்ச்சாலைத் துண்டுகள் அதிகமாக உடைந்தன.

சாலை கெட்டுவிட்டது என்று எதைக்கொண்டு தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடையைத்தான் அந்தப் பரிசோதனையின் மிக அழகான அம்சம் என்று நான் கருதுகிறேன். நெடுஞ்சாலை அதிகாரிகள், லாரித் தொழிலைச் சேர்ந்தவர்கள், கார் உற்பத்தியாளர்கள் முதலியோரைக் காரில் ஏற்றிப் பல சாலைகளில் பிரயாணம் செய்யவைத்து, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பெண் போடச் சொன்னார்கள். அந்த மதிப்பெண்களை, கருவிகள் அளந்து சொன்ன மேடு பள்ளம், வெடிப்பு, ஒட்டுவேலை ஆகியவற்றோடு பொருத்திப் பார்த்து ஒரு சூத்திரம் வகுத்தார்கள். அதன்படி ஒன்றரைக்கு இறங்கிய துண்டு ஆயுள் முடிந்ததென்று கணக்கில் எழுதப்பட்டது. இவ்வளவு யந்திரங்கள் சூழ்ந்த ஆராய்ச்சியிலும், சாலையின் குணத்துக்கு இறுதிச் சாட்சியாக அதன்மேல் பயணம் செய்கிறவனையே வைத்தது எவ்வளவு நேர்மையான யோசனை!

அங்கிருந்து கிடைத்த முடிவுகளில் உலகெங்கும் பரவியது 'நான்காம் படி விதி'. பாரம் இரு மடங்கானால் சேதமும் இரு மடங்காகும் என்றுதான் எவரும் நினைப்பார். உண்மையில் அது இரண்டின் நான்காம் படியாக, ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1970-இல் முதன்முதலாக வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய தார்ச்சாலை வடிவமைப்பு நெறியான ஐ.ஆர்.சி. 37-இலும், அமெரிக்கக் கணக்கின் 18,000 பவுண்டு அச்சுதான் 8.16 டன் 'ஸ்டாண்டர்டு ஆக்ஸில்' என்ற பெயரோடு அளவுகோலாக நிற்கிறது. அச்சுக்கு அரை டன் பாரமுள்ள சிறிய கார் செய்யும் சேதத்தை இவ்விதியின்படி கணக்கிட்டால், அப்படிப்பட்ட அச்சு சுமார் 70,000 தடவை கடந்தால்தான் ஒரு ஸ்டாண்டர்டு அச்சு ஒருமுறை கடந்ததற்குச் சமமாகும். நம்முடைய கார்களும் ஸ்கூட்டர்களும் சாலையைத் தேய்ப்பதாக எண்ணுவது வீண். அதைத் தின்பது பாரவண்டிதான், அதிலும் அளவுக்கு மேல் ஏற்றிய பாரம். ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினால் சேதம் இரு மடங்கைத் தாண்டுகிறது. நான்கு சக்கரங்கள் கொண்ட ஒற்றை அச்சுக்கு 10.2 டன்னாக இருந்த வரம்பை மத்திய அரசு 2018-இல் 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் கூடியது எட்டில் ஒரு பங்கு. இவ்விதியின்படி சேதம் கூடுவதோ ஐந்தில் மூன்று பங்கு. பழைய வரம்பை எண்ணிப் போட்ட சாலைகள் அந்த வித்தியாசத்தைத் தம் ஆயுளைக் கொடுத்தே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்கு மிகுந்த கவலை தருகிறது.

மேலே வரும் பாரம் இப்படியென்றால், கீழே தாங்கும் மண்ணின் சக்தியை அறிவதற்கு ஓ. ஜே. போர்ட்டர் என்பவர் கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் 1920-களின் இறுதியில் வகுத்த சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் அதைச் சி.பி.ஆர். என்றே சொல்லுவார்கள். சாலை போடவிருக்கும் இடத்து மண்ணை இரும்புக் கலத்தில் இட்டு இடித்து இறுக்கி, நான்கு நாள் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருக்குத் தண்டு ஒன்றை நிமிஷத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அதனுள் அழுத்துகிறார்கள். தண்டு இரண்டரை மில்லிமீட்டர் இறங்குவதற்கு நல்ல கருங்கல் ஜல்லியில் 1,370 கிலோ பாரம் வேண்டும். ஊறிய மண்ணில் அதில் எத்தனை சதவீதம் வேண்டியிருந்ததோ அதுவே மண்ணின் எண். கோவில்பட்டி, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் மண் ஊறியபின் பெரும்பாலும் இரண்டு மூன்றுக்கு மேல் தேறுவதில்லை. கோடையில் பாறைபோல் இறுகி, பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும் அதே மண்தான் இது. அதைக் காய்ந்த நிலையில் மாத்திரம் சோதித்துவிட்டுச் சாலை போடுவது பெரிய அனர்த்தத்தில் கொண்டுபோய் விடும். அங்கெல்லாம் சுண்ணாம்பு கலந்து மண்ணைப் பதப்படுத்துவதோ, அதை அகற்றிக் கிராவல் நிரப்புவதோ செலவு மிகுந்ததானாலும் அவசியமான காரியம்.

போட்டு முடித்த சாலையின் வலுவை, அதை வெட்டிப் பார்க்காமலே அறிவதற்கும் ஒரு வழியுண்டு. ஆஷோ பரிசோதனைக்கு முன்பு இடாஹோ மாகாணத்தில் நடந்த மற்றொரு பரிசோதனையின்போது ஏ. சி. பெங்கல்மன் என்னும் பொறியாளர் அமைத்த நீண்ட நெம்புகோல் அது. பாரம் ஏற்றிய லாரியின் பின்புற இரட்டைச் சக்கரங்களுக்கு நடுவே அதன் முனையை நுழைத்துத் தரையில் வைத்துவிட்டு, லாரியை மெல்ல முன்னே நகர்த்துவார்கள். பாரம் விலகியதும், அமுங்கியிருந்த சாலை கண்ணுக்குத் தெரியாத அளவில் மேலெழும்புகிறது. நெம்புகோலின் மறுமுனையிலுள்ள கடிகாரமுள் அதை மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்குவரை காட்டிவிடுகிறது. மண்ணில் ஈரம் மிகுந்திருக்கும் சமயமே சாலையின் பலவீனமான சமயமாதலால், மழைக்காலம் முடிந்த கையோடு இந்த அளவையை எடுக்கவேண்டும் என்பது விதி. இப்பொழுது எடைக்கட்டியை விழச்செய்து அளக்கும் புதிய யந்திரங்கள் வந்துவிட்டன என்றாலும் தத்துவம் அதுவே.

மேற்பார்வைக்கு ஒரே கறுப்பாய், ஒரே வழவழப்பாய்த் தோன்றும் இரண்டு சாலைகளில் ஒன்று அரை மில்லிமீட்டரும் மற்றது இரண்டு மில்லிமீட்டரும் எழும்புவதுண்டு. முதலாவதற்கு வெடிப்புகளை அடைத்து மெல்லிய தார்ப்பூச்சு ஒன்று கொடுத்தால் போதும். இரண்டாவதன்மேல் அதே பூச்சைப் போட்டு ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டால் அடுத்த மழைக்குள் பணம் அனைத்தும் விரயம். அங்கே முதலில் அடிமண்ணைத் தோண்டிச் சோதித்து, பக்கக் கால்வாயை ஆழப்படுத்தித் தேங்கிய நீரை வடியவிட்டு, அதன் பிறகுதான் மேலே எத்தனை அங்குலம் போடுவது என்ற கணக்கைத் தொடங்கவேண்டும்.